வாயிலக்காவின் ழகரம்

பதிவு அலுவலகத்தில் அவருக்கு வேலை வாங்கித் தந்தது படிப்பு அல்ல, நாக்கு. அந்த ஊரில் ழகரம் செத்து நூறு வருடம் ஆகியிருந்தது. எல்லாரும் மளையில் நனைந்து, களுத்தைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாக வாள்ந்தார்கள். ஆனால் அலுவலகத்தின் கல் கதவைச் செய்த மந்திரவாதிகள் அதற்குக் காதும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு, "வாழிய வாயிலே, தாழ் நெகிழ்க, வழி தருக" என்று பிசகாமல் சொன்னால்தான் திறக்கும். ஒன்பது பட்டதாரிகளுக்கு அசையாத கதவு, ஐந்தாம் வகுப்போடு நின்ற இவருக்குத் திறந்தது. அன்றிலிருந்து ஊருக்கு அவர் வாயிலக்கா.

வீட்டில் அவரும் எல்லாரையும் போலத்தான். "களுத்து வலிக்குது, தைலத்தை எடுங்க" என்பார். கணவர் தையற்காரர். "ஆபீஸ்ல மட்டும் நாக்கு சம்பளத்துக்கு வளையுதாக்கும்!"

"நீங்க மட்டும் கடைச் சட்டையையும் உங்க சட்டையையும் ஒரே மாதிரியா தைக்கிறீங்க?"

கணவர் தைலத்தை எடுத்து நீட்டுவார்.

இருபத்திரண்டு வருடமாக வரிசையில் நின்றவர்களும் கூடவே முணுமுணுத்ததில், ஊரில் செத்திருக்க வேண்டிய ஒரு சொல் பிழைத்துக் கிடந்தது. செருப்புக் கடையில் குழந்தைகள், "அண்ணா, வார் இறுக்குது, நெகிழ்க!" என்றன.

அப்போதுதான் புது இயக்குநர் வந்தார்.

"இதென்ன கூத்து? ஜனங்க பேசுற பாசைதான் கதவுக்கும். நாளையிலேர்ந்து சடங்கு கிடையாது."

"சார், நம்ம பேச்சு அதுக்குப் புரியாது. புரிஞ்சாலும் வேற மாதிரி புரியும்."

"உங்க பொளப்புக்காகச் சொல்றீங்க."

மறுநாள் இயக்குநரே கதவின் முன்னால் நின்றார். பின்னால் நாற்பது பேர் வரிசை. "தொறப்பா" என்றார். கதவு அசையவில்லை. "கொஞ்சம் தொறயேன்" என்று குழைந்தார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். கோபம் வந்தால் அதிகாரிகளுக்கு எழுத்து நடை வந்துவிடும். "திறந்து தொலை!" என்று கத்தினார்.

கதவு திறந்தது. பிறகு தொலைந்தது.

பழைய மொழியில் தொலை என்றால் தொலைவதுதான். சலிப்பெல்லாம் நாம் பிற்பாடு ஏற்றியது. சுவரில் ஓட்டை மட்டும் நின்றது. விசாரணைக் குழு உட்கார்ந்து, கதவைக் கவனிக்கத் தவறியதாக வாயிலக்காவிடம் விளக்கம் கேட்டது.

"இந்த ஆபீஸ்ல சொன்னதைச் சொன்னபடி செஞ்ச ஒரே ஆளு அந்தக் கதவுதான் சார்" என்றார் அவர்.

நான்காம் நாள் கணவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "கடைக்குப் பின்னாடி காலி மனையில ஒரு கதவு நிக்குது. சுத்தி சுவரே இல்ல. ஆனா ஜனங்க தட்டிட்டுத்தான் போறாங்க!"

வாயிலக்கா போனார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாழிய வாயிலே, மீள்க, பழைய இடம் சேர்க" என்றார். கதவு இரண்டு கீழ் மூலையாலும் மாறி மாறி அடியெடுத்து நடந்தது. "ஓரம்போங்க, ஓரம்போங்க" என்று அவர் முன்னால் போனார்.

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது: ஊழியர் அனைவருக்கும் மாலை நான்கு மணிக்கு "ளகரப் பயிர்ச்சி". ஆசிரியர், வாயிலக்கா. ஒரே மாதத்தில் பயம் நாக்கில் ஏறிவிட்டது. "உள்ழ வாங்க, புள்ழைக்குப் பேழென்ன?" என்று வரவேற்றார்கள் குமாஸ்தாக்கள்.

ஒருநாள் வாயிலக்கா சளியென்று விடுப்பு எடுத்தார். இயக்குநரே ஓதினார். கதவு ஒரு சாண் திறந்தது. பக்கவாட்டில் நுழைந்தவர் வயிறு சிக்கி நின்றுவிட்டார். ஆள் அனுப்பினார்கள். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார் வாயிலக்கா.

"'வாழிய' பரவாயில்ல சார். 'நெகிழ்க'தான் பாதி நெகிழ்ந்திருக்கு. திரும்பச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லிடுங்களேன்மா!"

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு சார். திரும்பச் சொல்லுங்க."

மதியம் வரை சொன்னார். வரிசையில் நின்ற யாருக்கும் அன்று அவசரமே இருக்கவில்லை.