மதர் சொன்ன பொய்

மண்ணெண்ணெய் மணம் வந்தால் இன்றும் என் தலை தானாகக் குனிகிறது. மதரின் மடியில் குனிந்து பழகிய தலை. பாறசாலைக்குக் கிழக்கே, ரப்பர் மரங்கள் ஓய்ந்து மரச்சீனிக் கிழங்கு விளைகள் தொடங்கும் மேட்டில் இருந்தது எங்கள் மடம். கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்பிள்ளைகள் விடுதி. மதர் அதன் தலைவி. யார் புதிதாக வந்தாலும் முற்றத்துக் கல்லில் உட்காரவைத்து, மண்ணெண்ணெய் தேய்த்து, பேன்சீப்பை வேர்வரை அழுத்தி இழுப்பார் மதர். கண்ணில் நீர் முட்டும். அந்த நேரம் பார்த்துத்தான் காதருகே சொல்வார்: "ஆரு கேட்டாலும் உனக்க ஊரு இது தான் மக்கா. வந்த ஊர மறந்திரு." பேனோடு சேர்த்து ஊரையும் சீவி எடுத்துவிடலாம் என்று நம்பினார் அவர்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. நாங்கள் யாரும் நல்ல வாசலிலிருந்து வந்தவர்கள் அல்லர். சாராயம் வாற்றும் விளைகளிலிருந்தும், எச்சில் பாத்திரம் கழுவ விடப்பட்ட வீடுகளிலிருந்தும், அம்மா செத்த மறுமாதமே அப்பன் காணாமல்போன குடிசைகளிலிருந்தும் மதர் தம் கறுப்புக் குடையோடு நடந்துபோய்க் கைபிடித்துக் கூட்டிவந்த பிள்ளைகள். ஊர் தெரிந்தால் கதை தெரியும். கதை தெரிந்தால், அடுத்த சண்டையிலேயே "போ ஏட்டி, வாற்றுக்காரன் மவளே" என்று எடுத்து வீசுவோம். பிள்ளைகளின் வாய் எவ்வளவு கொடியது என்பது மதருக்குத் தெரியும்.

என்னோடு ஒரே பாயில் படுத்தவளை நான் கூட்டுக்காரி என்றே சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் சிநேகிதிக்கு அதுதான் சொல். நாங்கள் இருவரும் பளுகல்காரிகள். இருட்டில் காதோடு வாய் வைத்து அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்போம். அவளுடைய சிற்றப்பன், அம்மாவின் இரண்டாம் புருஷன், வாற்றடுப்புக்குக் காவல் வைத்திருந்தான் அவளை. உறங்கிப்போனாள் என்று எரிகொள்ளியால் முதுகில் இழுத்திருந்தான். குளிக்கும்போது அந்த வடுவைச் சுற்றித்தான் சோப்பு போடுவேன். பழைய வடு, வலிக்காது. ஆனாலும் என் கை கிட்டே வரும்போதே அவள் தோள் சுருங்கும்.

ஞானோபதேச வகுப்பில் ஒருநாள் எழுந்து கேட்டுவிட்டாள்: "ஊர மாத்திச் சொன்னா அது பொய் இல்லியா மதர்?" எல்லாரும் சிரித்தோம். மதர் சிரிக்கவில்லை. "அது பொய் இல்ல மக்கா, மறப்பு," என்றார். கூட்டுக்காரி உட்கார்ந்தாள். அவளுக்கு அது போதவில்லை என்பது அவள் நகம் கடித்ததிலேயே தெரிந்தது.

எல்லைக் கிளர்ச்சி நடந்த ஆண்டுகள் அவை. எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஒரு கூட்டம் சாலையில் போகும். கூடாது என்று இன்னொரு கூட்டம் எதிரே வரும். இரண்டுக்கும் பின்னால் போலீஸ் வண்டி. சந்தை அடைத்துவிடும். மடத்துக் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் செபமாலை சொல்வோம். பாதி தமிழில் போகும், பாதி மலையாளத்தில் போகும். எந்த மணியில் எது மாறியது என்று யாரும் கவனித்ததில்லை. கடைசியில் எங்கேயோ உட்கார்ந்து கோடு போட்டார்கள். மடம் கேரளத்தில் விழுந்தது, பளுகல் அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்குப் போயிற்று. நடந்தால் ஒரு வெற்றிலை மென்று துப்பும் தூரம். அது வேறு ராஜ்யம் என்றார்கள்.

பிறகு பெரிய மடத்திலிருந்து உத்தரவு வந்தது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இனி இந்த சர்க்கார் சோறு தராது, அவரவர் வீட்டாரை வரவழைத்து ஒப்படைத்துவிட வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க ஓர் அதிகாரி வருவார். அவர் வந்தது எங்கள் புதுநன்மைக்கு முந்தின வாரம். ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கப் போகிறோம். சொல்லிக்கொடுக்க வந்த சாமியார், பொய் சொன்ன நாக்கில் நற்கருணை நெருப்பாக எரியும் என்று சொல்லியிருந்தார். கூட்டுக்காரி அன்றிலிருந்து உப்பு போட்டு நாக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி நல்ல மனிதர். அதைத்தான் என்னால் மன்னிக்க முடிவதில்லை. மோர் வாங்கிக் குடித்தார், கடைவாய்ப்பல் தெரியச் சிரித்தார், ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு ஊர் கேட்டார். என் முறை வந்தது. "ஆரியங்கோடு," என்றேன். இந்தப் பக்கத்தில், பால் கொண்டுவரும் அக்காளின் ஊர் அது, நான் கண்ணால் கண்டதில்லை. அழகாகப் பொய் சொன்னேன். அதில் இன்றுவரை எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அடுத்து அவள். மதரைப் பார்த்தாள். மதர் ஆம் என்று தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று அசைக்கவும் இல்லை. "பளுகல்," என்றாள் அவள். கூடவே, யாரும் கேளாமல், சிற்றப்பன் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் சொன்னாள். அதிகாரி அவள் தலையைத் தடவி, "நல்ல குட்டி. சத்யம் பறஞ்ஞு," என்று உண்மை சொன்னதை மெச்சினார். பிறகு மதரிடம் திரும்பினார். "இனி ஆரெங்கிலும் உண்டோ?"

வேறு யாராவது உண்டா என்று கேட்கிறார். முட்டைக்காரியிடம்கூட ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லாத மதர், என் பக்கம் கண்ணைத் திருப்பாமல் சொன்னார்: "இல்ல. இவ ஒருத்தி தான்."

சனிக்கிழமை சிற்றப்பன் வந்தான். புதுச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. மதருக்குக் கைகூப்பி "ஸ்தோத்திரம்" என்றான். கூட்டுக்காரி அழவில்லை. "மதர், நான் உள்ளதத்தானே சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாள். ஏதோ ஒரு கணக்கில் தவறு விழுந்துவிட்டது, சரிபார்த்தால் தீர்ந்துவிடும் என்பது போல. மதர் அவள் கழுத்துச் செபமாலையை நேராக்கிவிட்டார். "நல்ல பிள்ளையா இரு மக்கா." அவளுக்குத் தைத்த வெள்ளைக் கவுனை என்னுடையதைவிடப் புதிது என்று எனக்கு மாட்டினார்கள். கக்கத்தில் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை நாக்கை நீட்டினேன். எரியவில்லை. பச்சை மாவு ருசி. மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் கரையாமல் கிடந்தது.

நான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா ஆனேன். மதர்தான் ஆக்கினார், அதை மறுத்தால் என் சோறு என்னைக் கேட்கும். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும், களியக்காவிளைச் சந்தையில் கருவாட்டுக் கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏட்டி, ஆரியங்கோட்டுக்காரி!" முகத்தைப் பார்க்குமுன் தெரிந்துவிட்டது. அவளுக்கு முன்பற்கள் இல்லை. நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள், "படியில விழுந்தேன் ஆக்கும்." அவள் குடிசைக்குப் படி கிடையாது என்பதைப் பிறகொரு நாள் போய்ப் பார்த்தேன். கடன் பாக்கிக்கு ஈடாகச் சிற்றப்பன் அவளை ஒருவனுக்குக் கொடுத்திருந்தான். அப்போது அவளுக்கு வயது பதினாலு. "பிள்ளியளுக்கு நான் ஒண்ணு தான் படிப்பிச்சேன்," என்று கருவாட்டை உதறினாள். "ஆரு கேட்டாலும் உள்ளதச் சொல்லப்பிடாது."

அந்த வருஷமே மதர் படுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மடத்து நோயாளி அறை, சுருங்கிய கை, அதே கூர்மையான கண். என் விரலைப் பிடித்துக்கொண்டு, "உனக்காக ஒரு பொய் சொன்னேன் மக்கா, அது ரொம்ப நாளு நெஞ்சில கெடந்துது," என்றார். "பாவசங்கீர்த்தனத்தில சாமியாருகிட்ட சொன்னப்பொறம் தான் எனக்கு உறக்கம் வந்துது."

"அவள அனுப்பினதச் சொன்னீங்களா மதர்?"

மெய்யாகவே விளங்காமல் பார்த்தார். "அது எதுக்கு? மேல இருந்து வந்த உத்தரவாக்கும். அனுசரிச்சேன். அதில பாவம் ஏது?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு, பிரியமாகவே கேட்டார்: "அவ சுகமா இருக்காளா?"

என் நாக்கு நல்ல நாக்கு. எந்த ஊரையும் என் ஊர் என்று சொல்லக்கூடியது. சுகம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தக் கிழவி சிரித்தபடி கண்ணை மூடியிருப்பார்.

"முன்பல் ஒண்ணும் இல்ல மதர்," என்றேன். மீதியையும் சொன்னேன், ஒன்று விடாமல், சிற்றப்பன் அவளைக் கொடுத்துத் தீர்த்த பாக்கிவரை.

அன்றைக்கு அவருக்கு உறக்கம் வந்திருக்காது. வரக்கூடாது என்றுதான் சொன்னேன்.