அம்மா சிங்களத்தில் பாடிய பாட்டு

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அந்தப் பாட்டு எங்கள் பக்கத்து மலைகளையெல்லாம் பிடித்து ஆட்டியது. முதலில் சிங்களத்தில் வந்தது. அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துத் தமிழிலும் பாடி வெளியிட்டார்கள். இந்தியிலும் இருக்கிறதென்று பெரிய வகுப்பு அக்காமார் சொன்னார்கள். ஹட்டனில் புறப்படும் பஸ்ஸில் சிங்களத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கொட்டகலையில் எங்கள் ஆட்கள் ஏறி நிறைந்ததும் கண்டக்டர் தமிழுக்கு மாற்றுவார். மெட்டு ஒன்றே என்பதால், தூங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு மொழி மாறியதே தெரியாது.

தமிழில் அது, பிரிந்துபோன ஒருத்தி பாடுகிற பாட்டு. மழை விட்டதும் வந்துவிடுவேன், கதவைச் சாத்தாமல் வை என்று பாடுவாள். என் அம்மாவுக்காகவே எழுதியது என்று நான் நம்பினேன். அம்மா அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் நானும் அப்பாவும் இருந்தோம். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அடுத்த காம்பராவில் இருந்த அத்தைதான் எனக்குத் தலை வாரிவிடுவாள்.

வெள்ளிக்கிழமைகளில் அந்திக்கு அம்மா வீடியோவில் கூப்பிடுவாள். எங்கள் வாசற்படியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, தூறலில் நனைந்துகொண்டு, அந்தப் பாட்டைப் பாடச்சொல்லி அம்மாவிடம் அடம்பிடித்தேன். அப்பா பக்கத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

“தமிழ்ல வரியெல்லாம் மறந்துருச்சு புள்ள. சிங்களத்துல பாடவா?” என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரிலிருந்து போகும்போது அவளுக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். ஆனால் பாடினாள். முழுப் பாட்டையும், பஸ்ஸில் கேட்கிற மாதிரியே, ஓர் இடத்திலும் தடுக்காமல் பாடினாள். பாடும்போது அவள் கண் என்மேல் இல்லை. போனுக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா சொல்லிக்குடுத்தா?”

“இங்க வேல செய்றவங்க நெறைய பேரு சிங்களந்தானே. கேட்டுக் கேட்டு வந்துருச்சு.”

விறகு பிளக்கும் சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பா கோடரியைக் கட்டையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

இளவயதில் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர் அப்பா. அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு அந்த மொழி விளங்கப் பல வருஷம் ஆயிற்று. சிங்களத்தில் அந்தப் பெண், வருவேன் என்று பாடவில்லை. என்னைத் தேடாதே, நான் வேறொரு வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டேன், விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கு என்றுதான் பாடுகிறாள். தமிழர்களுக்கு இவ்வளவு சோகம் ஆகாது என்று நினைத்தார்களோ, மெட்டுக்குச் சொல் அமையவில்லையோ, தமிழில் எழுதியவர் பாட்டையே திருப்பிப் போட்டுவிட்டார்.

அது தெரியாமல் நான் அம்மா பாடியபடியே பாடவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அப்பாவின் போனில் சிங்களப் பாட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். வாயில் நுழையாத சொற்களை அப்பாவிடம்தான் கேட்டேன்.

“அப்பிடி இல்ல. நாக்க மடிச்சுச் சொல்லு,” என்று அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே திருத்தினார்.

“இதுக்கு என்னாப்பா அர்த்தம்?”

அவர் தோசைக்கல்லையே பார்த்தார். “தமிழ்ல வர்றதுதான். எல்லாம் ஒண்ணுதான் புள்ள.”

இரண்டு வெள்ளிக்கிழமை அம்மா கூப்பிட்டாள். பிறகு ஒன்று விட்டு ஒன்று. பிறகு அந்த இலக்கத்துக்கு எடுத்தால் யாரோ ஒரு பெண் அரபியில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மாவுடைய போன் உடைந்திருக்கும் என்றாள் அத்தை. நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா நாட்டுக்குத் திரும்பியதும், குருநாகல் பக்கம் ஒரு வீட்டில் குடியிருப்பதும், அங்கே அவளோடு இருப்பவர் குவைத்தில் அடுத்த வீட்டுக்குக் கார் ஓட்டிய சிங்களவர் என்பதும் நான் வளர்ந்தபின் காதில் விழுந்தவை.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக் கலைவிழாவுக்குச் சிங்கள அதிகாரி அம்மா ஒருவர் வருவதாக இருந்தது. அவருக்கு விளங்குகிற மாதிரி ஒரு நிகழ்ச்சியாவது வேண்டுமென்று எங்கள் வகுப்புச் சேர் அலைந்துகொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். அத்தை எண்ணெய் வைத்துச் சீவி, இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பினாள். அப்பா பெக்டரியில் லீவு சொல்லிவிட்டு வந்து, மண்டபத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்றார்.

பாதிப் பாட்டிலேயே அந்த அதிகாரி அம்மா கைக்குட்டையை எடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த அடியை இன்னும் இழுத்துப் பாடினேன். முடிந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவி, அப்பாவிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அதில் ‘அம்மா’ என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அப்பா ஒரு சொல்லில் பதில் சொன்னார். அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியில் வந்ததும், “என்னாப்பா கேட்டாங்க?” என்றேன்.

“ஒன் பாட்டு நல்லாருந்துச்சாம்.”

மழை பிடித்துக்கொண்டது. தேயிலைக்கு நடுவில் போகிற குறுக்குப் பாதையில் அப்பா முன்னால் நடந்தார். குடையை என்னிடம் கொடுத்திருந்தார்.

“அம்மா போன் எடுத்தா இதையே பாடிக் காட்டுறேம்பா.”

“ம்.”

கொஞ்சத்தூரம் போனதும், திரும்பாமலே, “இன்னொருக்கா பாடு,” என்றார். பாடினேன். முடிந்ததும் மறுபடியும் பாடச்சொன்னார். லயம் வருகிறவரை, தொண்டை கட்டப் பாடிக்கொண்டே போனேன். அப்பா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டு அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.