துண்டில் படியாத புகை

சவரிநாதன் இன்ஜினைத் திறப்பதற்கு முன் அதன் புகையைப் பார்ப்பார். மரக்காணம் உப்பளங்களில் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின் எது மக்கர் செய்தாலும், தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்து சைலன்சர் வாயில் பிடிப்பார். கறுப்பு படிந்தால் நாசில் கோளாறு. நீலப் புகை வந்தால் ஆயிலைக் குடிக்கிறது. "துண்டு சொல்லிட்டுது" என்பார். முப்பத்தெட்டு வருஷத்தில் துண்டு தப்பாகச் சொன்னதாக ஒருவரும் குறைப்பட்டதில்லை. புது இன்ஜின் வாங்கப் போகிறவர்கள்கூட அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள்.

சென்ற மாசியில் ஒரு வடநாட்டுக் கம்பெனி, நிலக்கரியிலிருந்து எடுத்த டீசலை இரண்டு பீப்பாயில் கொண்டுவந்தது. ஒடிசாவில் அதன் சோதனை ஆலையில்தான் அவர் மகள் பிரிசில்லா வேலை பார்க்கிறாள். அந்தப் பெருமையில் அவர் வேறெதுவும் கேட்கவில்லை. உப்பள முதலாளி அர்ச்சுனன் தன் இன்ஜினிலேயே ஊற்றச் சொன்னார். சவரிநாதன் துண்டைப் பிடித்தார். ஐந்து நிமிடம் ஆகியும் அது துவைத்து மடித்ததுபோலவே இருந்தது. வெண்மையைப் பார்த்தே உப்பைத் தரம் பிரிக்கிற கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

"சுத்தமான டீசல். இதுக்கு நான் பொறுப்பு" என்றார். கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்திருந்த கேமரா அதைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த மாதம் பிரிசில்லா போன் செய்தாள்.

"அப்பா, எங்க கேன்டீன் சுவத்துல உங்க போட்டோ. ஆள் உசரத்துக்கு, துண்டும் கையுமா!"

"நல்லா விழுந்திருக்குதா?"

"விழுந்திருக்குது. எனக்குத்தான் அதைப் பாத்துட்டு சோறு எறங்கல. நீங்க ஏன்பா பொறுப்புன்னு சொன்னீங்க?"

"துண்டு கறுக்கலியேம்மா."

"கறுக்காது. கரியை டீசலாக்கும்போதே, பூமியைச் சூடாக்கற கரியமில வாயு குபுகுபுன்னு போயிடுது. அதை அளக்கறதுதான் என் வேலை. அப்புறம் இன்ஜின்ல எரியறப்ப எல்லா டீசலும் விடற மாதிரி இதுவும் விடுது. ரெண்டையும் சேத்தா சாதா டீசலுக்கு ரெண்டு மடங்கு. அதுக்குக் கலர் இல்லப்பா."

"நம்ம இன்ஜின்லயும் அது வருதா?"

"இத்தனை வருஷமா வந்துட்டுதான் இருக்குது."

"முன்னயே சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க கேட்டீங்க? புது வேலைக்கு வாழ்த்துதானே சொன்னீங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக உப்பளத்தில் இருந்த அர்ச்சுனனிடம் போனார். எல்லாவற்றையும் சொல்லி, "நான் குடுத்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கறேங்க" என்றார்.

"ஏம்பா சவரி, துண்டு கறுத்துச்சா?"

"இல்லீங்க."

"அப்ப அன்னிக்குப் பொய் சொன்னியா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதைத் திரும்ப எடுக்கற? ஒடிசா புகை ஒடிசாவோட போவுது."

"அது அங்கயே நிக்காதுங்க."

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஆண்டாள் நிமிர்ந்தாள். "என்னாண்ணே, மவ சோத்துல நீங்களே மண்ணு போடறீங்க?" கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

அந்த வாரமே கிழக்குக் கடற்கரைச் சாலையில், கீழ்புத்துப்பட்டுப் பக்கம், அவர் படத்தோடு பெரிய பலகை நின்றது. 'இதுக்கு நான் பொறுப்பு.' கழற்றச் சொல்லிக் கம்பெனிக்குப் போன் போட்டார். "நீங்க சொன்னதுதானே சார்?" என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

மறுநாள் அர்ச்சுனனின் இன்ஜின் நின்றுபோனது. சவரிநாதன் வெறும் தோளோடு வந்து ஸ்பேனரை எடுத்தார்.

"என்னப்பா, துண்டு எங்க?"

"அதுக்குக் கம்பெனியில வேலை கெடச்சிடுச்சுங்க" என்றபடி முதல் போல்ட்டைக் கழற்றினார்.