புதூர்நாட்டு மலையில் முட்டையிட்ட கடல் முள்ளெலிகள்

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துப் போவார்கள். 1984 பொங்கல் முடிந்த வாரம் நான் இரண்டு வாளி கடல்நீரும் அதில் பன்னிரண்டு கடல் முள்ளெலிகளும் எடுத்துப் போனேன். அந்தப் பயணத்தைப் பற்றிப் பெருமையடிக்கத்தான் இந்தப் பதிவு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் ஒரு கல்லூரியில் அப்போது விலங்கியல் விரிவுரையாளர் நான். என் தோழி சரோஜா அந்த மலையிலுள்ள புதூர்நாட்டுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கடலையே பார்க்காத தன் மாணவர்களுக்கு ஓர் உயிர் தொடங்குவதைக் கண்ணால் காட்ட வேண்டும் என்றாள். அதற்குக் கடல் முள்ளெலிதான் தோது. எலுமிச்சை அளவில், உடம்பெல்லாம் முள்ளாகப் பாறையில் ஒட்டியிருக்கும். ஆண் விந்தையும் பெண் முட்டையையும் தண்ணீரிலேயே விட்டுவிடும். கருவாவதை மைக்ராஸ்கோப்பில் நேரிலேயே பார்க்கலாம்.

எங்கள் துறைத்தலைவர் ஒரு கண்டிஷன் போட்டார். "காட்டிட்டு வந்தா எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேணும்னாலும் மைக்ராஸ்கோப்பை எடுத்துட்டுப் போங்க. காட்டாம வந்தா அது இனிமே அலமாரியை விட்டு வெளியே வராது." பூட்டுவதில் அவர் கெட்டிக்காரர்.

காலை ஆறு மணிக்கு சென்ட்ரலில் ரயில். ஜோலார்பேட்டை வரை 213 கி.மீ., டிக்கெட் பதினேழு ரூபாய். தண்ணீரில் காற்றுச் சேர, அரைமணிக்கு ஒருமுறை டம்ளரால் மொண்டு மொண்டு ஊற்றினேன். ஏதோ பரிகாரம் என்று நினைத்து எதிர் சீட்டுக்காரர் கும்பிட்டார். பத்தே காலுக்கு இறங்கி, பஸ் பிடித்து திருப்பத்தூர் போனேன். அங்கிருந்து புதூர்நாட்டுக்கு முப்பது கி.மீ. மலைப்பாதை. ஜீப்பில் ஆளுக்கு நான்கு ரூபாய். மைக்ராஸ்கோப் என் மடியில், வாளிகள் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில்.

ஒன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் இறங்கிப் பார்த்தால், இரண்டு வாளியிலும் மூடி இல்லை. பாதித் தண்ணீரை அரிசி குடித்திருந்தது. முள்ளெலிகளுக்குப் போட வைத்திருந்த ஊசிமருந்துப் புட்டியும் உடைந்து கிடந்தது.

"யாருங்க மூடியை எடுத்தது?" என்றேன்.

"நான்தாங்க," என்றார் டிரைவர் முருகேசன். "உசுரு கீதுன்னு சொன்னீங்களே. சந்தைக்குக் கோழி ஏத்தனா கூடைய தொறந்துதான் வெப்போம். மூடி வெச்சா மேல போறதுக்குள்ள மூச்சு முட்டிப் பூடுங்க."

அவரை என்ன சொல்லித் திட்டுவது? எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. முள்ளெலிகளின் முட்கள் துவண்டிருந்தன. ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்கும் முள்ளெலி லேசில் முட்டை விடாது; பொட்டாசியம் குளோரைடு ஊசி போட்டுத்தான் விடவைப்போம். இங்கே ஊசிமருந்தும் இல்லை, போதிய தண்ணீரும் இல்லை.

சத்துணவுக்கூடத்தில் சமைக்கும் பச்சையம்மா வாளியை எட்டிப் பார்த்தார். "இன்னாங்கம்மா, வெறும் உப்புத் தண்ணிதானே?" விரலை விட்டு நாக்கில் வைத்தார். "கொழம்புக்குப் போடறதுல மூணு பங்கு கீது. நான் கலந்து தர்றேன்."

பாடப்புத்தகம் இதை ஒப்புக்கொள்ளாது. கடல்நீர் வெறும் உப்பும் தண்ணீரும் அல்ல என்று வகுப்பில் கத்துகிறவளே நான்தான். ஆனால் வேறு வழியில்லை. அவர் கிணற்று நீரில் கல்லுப்பைக் கரைத்துத் துணியில் வடிகட்டினார். அதை ஒரு வாய், வாளித் தண்ணீரை ஒரு வாய் என்று மாற்றி மாற்றி ருசி பார்த்து, மூன்று முறை உப்பைத் திருத்தினார். "இப்ப ஊத்துங்க."

தை மாதக் கிணற்று நீர் சில்லென்று இருந்தது. மெல்ல ஊற்றினேன். முட்கள் நிமிர்ந்தன. பத்து நிமிடத்தில் ஒரு முள்ளெலியின் உச்சியிலிருந்து ஊதுவத்திப் புகை மாதிரி வெள்ளையாக ஒரு இழை கிளம்பியது. ஆண். குளிரும் உப்பும் சட்டென்று மாறியதில் விட்டிருக்க வேண்டும். கடலில் ஒன்று விட்டால், அது தண்ணீரில் பரவிப் பக்கத்தில் இருப்பவையும் விடத் தொடங்கும். என் வாளியிலும் அதுதான் நடந்தது. இரண்டாவது, ஐந்தாவது, பிறகு ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள். ஊசியே போடாமல். நான் கூச்சப்படாமல் கைதட்டினேன்.

வாளியில் எல்லாம் கலந்துவிட்டது; ஆனால் தோள்பையில் ஒரு சிறு புட்டி சுத்தமான கடல்நீர் மிச்சமிருந்தது. அப்போதுதான் முட்டை விடத் தொடங்கிய ஒரு பெண்ணை எடுத்துக் கழுவி அதில் முட்டைகளை விடவைத்து, ஒரு சொட்டு விந்து சேர்த்தேன். மணி 3:10. இரண்டு நிமிடத்தில் முட்டையைச் சுற்றி மெல்லிய வளையம் எழுந்தது; கருவானதன் அடையாளம் அது. பள்ளியே வரிசையில் நின்றது. குளிரில் எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. 4:50க்குப் பச்சையம்மாவின் முறை வந்தது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

"நடுவுல கோடு வுழுதுங்க," என்றார். பிறகு, "ரெண்டாயிடுச்சுங்க."

சரோஜா என் கையைப் பிடித்து நசுக்கியே விட்டாள்.

இப்போது போகிறவர்களுக்கு: புதூர்நாட்டுக்குப் பஸ் குறைவு, திருப்பத்தூரில் முற்பகலிலேயே ஜீப் பிடித்துவிடுங்கள். தை மாதம் என்றால் கம்பளி அவசியம். உடையக்கூடியதை மடியில் வையுங்கள். உயிருள்ளதைக் கொண்டுபோனால், அதற்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று டிரைவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை, தப்பு என்னுடையது.

ஊர் திரும்பியதும் துறைத்தலைவர் செய்முறைக் குறிப்பு கேட்டார். உப்பின் அளவு என்ற இடத்தில் "பச்சையம்மா ருசி பார்த்துச் சரி என்னும் வரை" என்று எழுதிக் கொடுத்தேன். இருமுறை படித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். அலமாரிச் சாவியைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.