கல்யாணக் கேமராவும் மாமியார் அணியும்

கேமரா கடையில் வேலை பார்ப்பவள் வாய் வலிக்க விளக்குவாள்; வாங்க வந்தவரோ படியேறும்போதே மனத்துக்குள் ஒன்றை வாங்கி முடித்திருப்பார். ஈப்போவில் எனக்கு இதுதான் பிழைப்பு. கடையில் நின்று கால் கடுக்கிற சக ஜீவன்களே, உங்களுக்கு இது புரியும்.

தோளுக்கேற்ற கேமரா

ஆவணப்படம் எடுக்க எச்.டி. கேம்கோடர் வேண்டும் என்று இரண்டு கல்லூரி மாணவர்கள் வந்தார்கள், பிரிசில்லாவும் தினேஷும். சிலிம் ரிவர் பக்கம் பிரிசில்லா குடும்பம் இருந்த ரப்பர் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. ஆட்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டாலும் ஆண்டுக்கொரு முறை பழைய திடலில் கூடி விளையாட்டுப் போட்டி நடத்துகிறார்கள். மாமியார்களுக்கும் மருமகள்களுக்கும் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டிதான் அதில் பெரிய கூத்து. படமும் அதைப் பற்றித்தான். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். கல்லூரி அதுவரை காத்திருக்காது.

உள்ளங்கையில் அடங்கும் ஒன்றைக் காட்டினேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் ஜூம், தனி மைக் மாட்டும் வசதி, எல்லாம் உண்டு. தினேஷ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கண்ணாடிக் கதவில் தன்னையே ரசித்தான். பிடிக்கவில்லையென்றால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவோம் என்று சொல்லி வைத்தேன். அதற்கு அவன் சொன்னது:

"அந்தச் சின்னதத் தூக்கிட்டு போனா எவன் மதிப்பான், அக்கா? பிஸ்கட் டின்னு மாதிரி இருக்குலா!"

பட்டுச்சேலைப் படை

அதே வாரம் இருவரும் வாங்கிப்போன பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு, தொங்கிய முகத்தோடு வந்தார்கள். மாமியார் அணி பயிற்சி செய்வதை எடுக்கப் போயிருக்கிறார்கள். பதிவைப் போட்டுப் பார்த்தேன். டி-சட்டையும் டிராக் சூட்டுமாக நின்ற பெண்கள், தோளில் கேமராவையும் அதன் தலையில் எரியும் விளக்கையும் கண்டதும் மாயமானார்கள். திரும்பி வந்தபோது எல்லார் மேலும் பட்டுச்சேலை. ஜோடி ஜோடியாக வரிசையில் வந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்து, ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டு நகர்ந்தார்கள். கல்யாண மேடையில் நாம் எல்லாரும் செய்வதுதானே! கயிறு ஒரு மூலையில் அப்படியே கிடந்தது.

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிரிசில்லாவுக்கோ கண் கலங்கிவிட்டது. போட்டிக்கு இன்னும் சில நாள்தான். அன்றும் இப்படியே நின்றால் படம் அம்போ. பதிவின் கடைசியில் அணித் தலைவி மாரியம்மா, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டே பிரிசில்லாவிடம் கேட்கிறார்:

"நல்லா நின்னேனாமா? சாப்பாடு எத்தன மணிக்கு?"

எதிர்ப்புற ஒட்டுக்கடை

இந்த முறை நான் விடவில்லை. சின்ன கேம்கோடரைக் கடை வாசலில் முக்காலியில் நிறுத்தி, சாலைக்கு எதிரே இருக்கும் ஒட்டுக்கடையை ஜூம் செய்தேன். எங்களுக்கு தினமும் டீ கொடுக்கும் அண்ணன் தன்பாட்டுக்கு ஆற்றிக்கொண்டிருந்தார், வாயில் பாட்டு வேறு. விளக்கு இல்லை, தோளில் யானை இல்லை. அவருக்குப் படமெடுப்பதே தெரியவில்லை. தினேஷ் திரையை முறைத்துப் பார்த்தான். பிறகு தோல்வியை ஒப்புக்கொண்டான், அவனுடைய பாணியில்:

"அக்கா, அவரு நமக்குப் பால கம்மியா ஊத்துறாரு. இங்கிருந்தே தெரியுதுலா!"

திடலில்

போட்டி ஞாயிற்றுக்கிழமை. மனசு கேட்காமல் நானும் போனேன். திடலின் ஓரத்து மரத்தடியில், மாற்றிக்கொண்டு போன சின்ன கேமரா. மாரியம்மாவிடம் சொல்லி அவர் டி-சட்டையில் மைக்கைக் குத்தினோம். கயிற்றைப் பிடித்த மறுநொடி அவர் அதை மறந்தே போனார். எதிர்ப்பக்கம் முன்னால் நின்றது அவருடைய சொந்த மருமகள். "விடாதீங்கடி! வீட்டுலதான் வுட்டுக் குடுக்கிறோம், இங்கயுமா?" என்று அவர் போட்ட சத்தத்தில் பிரிசில்லா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

மருமகள்கள் ஒரே இழுப்பாக இழுத்தார்கள். மாமியார் அணி மொத்தமும் புல்லில் குப்புற விழுந்தது. மருமகள் ஓடிவந்து தூக்கப் போய், அவளும் சறுக்கி மாரியம்மாமேலேயே விழுந்தாள். இருவரும் எழ முடியாமல் புரண்டு புரண்டு சிரித்தார்கள். அவ்வளவும் பதிவானது. பிரிசில்லா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பதிவைப் போட்டுக் காட்டி, விழுந்ததை வெட்டிவிடவா என்று அவள் கேட்டாள். மாரியம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வெட்டாதமா. என் மவன் கல்யாண வீடியோவுலகூட நாங்க ரெண்டு பேரும் இப்படிச் சிரிச்சதில்ல."

இனி யாராவது எந்தக் கேமரா நல்லது என்று கேட்டால், எடுக்கப்போவது மாமியாரையா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் அலமாரியைத் திறப்பேன்.