மூடியிருந்த டீசல் டேப்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படிக்கலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் நடந்த இடம் இருக்கிறது. அந்த ஜெனரேட்டர் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்த ஆள் எங்கள் தெருவிலேயே இருக்கிறான்.

அவன் பெயர் அன்பரசன். ஆம்பூரைச் சுற்றி டீசல் என்ஜின் வைத்திருக்கிற எல்லோருக்கும் அவனைத் தெரியும். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வாய்விட்டுச் சிரிக்கிற ஜாதி. பொய் சொல்ல வராது. வந்திருந்தால் மெக்கானிக் தொழிலில் இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பான். அவன் என்னிடம் சொன்னதை ஒரு கல் உப்புகூடக் கூட்டாமல் எழுதுகிறேன். கூட்டினால் அவன் மனைவி ஜாஸ்மின் என்னைச் சும்மா விடமாட்டாள்.

போன வருஷம் நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியத்திலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அன்புவுக்கு போன் வந்தது. பேசியது காசிநாதன். பேரணாம்பட்டு சாலையில் ஒரு சின்ன தோல் ஷெட்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்.

"அன்பு, எங்க கீற? நான் குடியாத்தத்துல ஒரு கல்யாணத்துக்கு வந்து மாட்டிக்கினேன். ரோடெல்லாம் தண்ணி, பஸ்ஸே வரல. ஷெட்டு பக்கம் கரண்ட் போயிடுச்சாம். டிரம்முல தோலு கீது, க்ரோம் ஊத்தியாச்சு. சுத்தாம நின்னா திட்டுத் திட்டா பூடும். நீ போயி ஜெனரேட்டர ஓட்டி வுட்ரு."

"ஷெட்டுல ஆளு இல்லையா?"

"வாஹித் இருந்தான். போன் ஆஃபுன்னு வருது. மழைன்னு வூட்டுக்குப் போய்ட்டிருப்பான். கேட்டு சும்மாதான் சாத்தியிருக்கும். அன்பு... இந்த லாட் போச்சுன்னா நான் ஷெட்ட மூட வேண்டியதுதான்."

அந்தக் குரலைக் கேட்டபிறகு யாரால் வீட்டில் உட்கார முடியும்? அன்பு ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது அன்புவுக்கு அப்போது தெரியாது, நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஷெட்டில் தோலை க்ரோம் மருந்தில் சுற்றிப் பதப்படுத்துகிற மர டிரம் இரண்டு. ஓர் ஆள் உள்ளே நின்று வேலை செய்கிற அளவு பெரியவை. இரண்டும் ஒரே ஷாஃப்டில் ஓடுபவை. ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றும். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் டிரம்முக்குள் இறங்குகிறவன் முதலில் ஜெனரேட்டரின் டீசல் டேப்பை, டேங்கிலிருந்து என்ஜினுக்கு டீசல் விடுகிற குழாயை, மூடிவிட்டுத்தான் இறங்க வேண்டும். டேப் மூடியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அவனே வெளியே வந்து திறக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. போர்டு கிடையாது, எழுத்து கிடையாது. அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு மெக்கானிக்கிடம் காட்டினால் என்ன சொல்வான்? மூடியிருக்கும் டேப்தான் கோளாறு என்பான்.

அன்பு ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து இருபத்தைந்து. வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது, உள்ளே இல்லை. தகரக் கூரைமேல் மழை விழுகிற சத்தத்தில் தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "வாஹித்!" என்று இரண்டு தடவை கத்திப் பார்த்தான். பதில் இல்லை. செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஜெனரேட்டரிடம் போனான். பழைய மெஷின்தான், கையால் சுற்றி ஸ்டார்ட் செய்வது. கரண்டா ஜெனரேட்டரா என்று மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஏற்கெனவே ஜெனரேட்டர் பக்கம் தள்ளியிருந்தது. மோட்டார் ஸ்டார்ட்டர் பட்டன் அழுத்தியபடி நிற்காது என்பதால் அதில் ஒரு குச்சியைச் செருகி வைத்திருந்தார்கள். அதாவது, என்ஜின் பிடித்துக்கொண்டால் போதும், டிரம் தானாகச் சுற்றும்.

டேங்கில் பாதிக்குமேல் டீசல். ஆயில் சரி. மேலே இருக்கிற சின்ன லீவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றினான். வேகம் வந்ததும் லீவரை விட்டான். புஸ்... அவ்வளவுதான். இரண்டாவது தடவையும் அதே புஸ். குனிந்து டார்ச் அடித்தான். டீசல் டேப் மூடியிருந்தது.

அன்பு சிரித்துவிட்டான். இதற்காகவா மழையில் நனைந்துகொண்டு வந்தோம்! டேப்பைத் திறந்தான். பம்ப் பக்கத்தில் நட்டைத் தளர்த்தினான். நுரை நுரையாக வந்து, பிறகு சுத்தமாக டீசல் வந்தது. பைப்பில் அடைத்திருந்த ஏர் போய்விட்டது. நட்டை இறுக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றினான்.

டக்... டக்... டக் டக் டக்.

பல்பு மினுக்கென்றது. பெல்ட் கிறீச்சிட்டது. டிரம் இரண்டும் ஒரு சாண் அசைந்தன. அப்போது, அத்தனை சத்தத்தையும் மீறி, இரண்டாவது டிரம்முக்குள் எதுவோ சரிந்து விழுந்தது.

தொப்.

உடனே என்ஜின் நின்றது.

தோல் சரிகிறது என்று அன்பு நினைத்துக்கொண்டான். பிறகுதான் ஒன்று உறைத்தது. நனைந்த தோலின் வாடை முதல் டிரம்மிலிருந்துதான் வந்தது. தண்ணீர் சொட்டியதும் அதிலிருந்துதான். இரண்டாவது காய்ந்து கிடந்தது. காலி டிரம்மில் என்ன சரியும்? எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குனிந்தான்.

டேப் மூடியிருந்தது.

அதிர்வில் திரும்பியிருக்கும். பழைய டேப், தேய்ந்து போயிருக்கும். மெக்கானிக் புத்தி ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. ஆனால் அந்த டேப்பைத் திறக்கும்போது விரலுக்கு வலித்தது அவனுக்கு நினைவு வந்தது. அவ்வளவு இறுக்கமான டேப். அது தானாகத் திரும்பாது. அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டு மறுபடி திறந்தான், ஏர் எடுத்தான்.

போன் அடித்தது. காசிநாதன்.

"ஓடிச்சா?"

"ஓடும் மொதலாளி. டேப்புதான் பேஜாரு பண்ணுது. தானா மூடிக்கு..."

லைன் அறுந்தது. டவர் இல்லை.

மணி ஐந்து ஐம்பது. வெளிச்சம் முழுக்கப் போய்விட்டது. அன்பு ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினான். அது அசையவில்லை. பிஸ்டன் இறுகிவிட்டதோ என்று பலங்கொண்ட மட்டும் அழுத்தினான். அசையவில்லை. கூர்ந்து கவனித்தால் இறுகிப் போன இரும்பு போலவும் இல்லை. கொஞ்சம் கொடுத்தது... பிறகு இழுத்தது. மறுபக்கம் யாரோ பிடித்துக்கொண்டு நிற்பது போல.

கையை எடுத்தான். ஹேண்டில் மெல்லப் பின்னால் திரும்பி, பழைய இடத்தில் நின்றது.

அன்பு ஓர் அடி பின்வாங்கினான். 

டார்ச்சைத் திருப்பினான்.

டேப் மூடியிருந்தது. பித்தளைமேல் ஈரமாக விரல் ரேகைகள். வெளிர் நீலம். க்ரோம் தண்ணீரில் கையை விட்டவனுக்கு ஒட்டுகிற நீலம். அன்பு தன் கையைப் பார்த்தான். கிரீஸ் கறுப்பு. நீலம் எங்கேயும் இல்லை.

ஓடிப் போயிருக்கலாம். இன்றைக்கும் ஜாஸ்மின் அதைத்தான் கேட்கிறாள், ஏன் ஓடவில்லை என்று. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் அதிகமானால் சிலருக்குக் கோபம்தான் வரும். தொழிலில் இத்தனை வருஷம், ஒரு டேப்பிடம் தோற்பதா? பையிலிருந்து கட்டுக் கம்பியை எடுத்தான். டேப்பைத் திறந்து, கம்பியால் மூன்று சுற்று கட்டி, கட்டிங் பிளேயரால் முறுக்கினான்.

"இப்ப மூடு பாக்கலாம்," என்றான், சத்தமாகவே.

ஹேண்டில் இந்தத் தடவை சுலபமாகச் சுற்றியது.

டக் டக் டக் டக் டக்...

என்ஜின் பிடித்துக்கொண்டது. பல்பு மெல்ல மஞ்சளாகி, பிரகாசமாக எரிந்தது. பெல்ட் முனகியது. டிரம் நகர ஆரம்பித்தது.

அந்த வெளிச்சத்தில் பார்த்தான்.

டேங்குக்குக் கீழே ஓர் ஆள் குந்தியிருந்தார்.

முதுகு இவன் பக்கம். கட்டம் போட்ட லுங்கி. நரைத்த தலை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் டேப்பின்மேல்.

அவசரமே இல்லாமல்... கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு சுற்று.

இரண்டு.

மூன்று.

என்ஜின் நின்றது. இருட்டு.

மழைகூட அந்த நிமிஷம் ஓய்ந்த மாதிரி இருந்தது. அன்புவின் காதுக்குப் பக்கத்தில், மூச்சுக் காற்று இல்லாமல், ஒரு குரல்.

"உள்ள ஆளு."

அன்பு ஓடினான். செருப்பு ஒன்று கழன்றது, எடுக்கவில்லை. கேட்டைத் தாண்டிச் சாலைக்கு வந்து, மழையில் நின்று, "யேசுவே, யேசுவே" என்று சொல்லிக்கொண்டே வண்டிச் சாவியைத் தேடினான். சாவி சேற்றில் விழுந்தது. குனிந்தபோதுதான் அந்த இரண்டு வார்த்தையும் அவனுக்குள் இறங்கின.

உள்ளே ஆள்.

காலி டிரம். தொப் என்று விழுந்த சத்தம்.

"அப்ப எனக்குப் பேயவிட அந்தச் சத்தம்தான் பயமா இருந்துச்சு," என்று அன்பு என்னிடம் சொன்னான். திரும்பி உள்ளே போனான். ஒற்றைச் செருப்போடு, டார்ச்சை முன்னால் பிடித்துக்கொண்டு போனான். இதற்காகவே அவன்மேல் எனக்கு ஆயுசுக்கும் மரியாதை.

இரண்டாவது டிரம்மின் கதவு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. சுவருக்கும் டிரம்முக்கும் நடுவே ஒடுங்கி நுழைந்து, டார்ச்சை உள்ளே நீட்டினான்.

முதலில் தெரிந்தது கம்பூட்ஸ். பிறகு கால். பிறகு வாஹித்தின் முகம், ஒரு பக்கம் முழுக்க ரத்தம். மூச்சு இருந்தது. டிரம்முக்குள்ளே வரிசையாக மர முளைகள் இருக்கும், தோலைப் புரட்டுவதற்கு. வழுக்கி விழுந்தவனுக்கு அதில் ஒன்று நெற்றியில் இடித்திருக்கிறது. அந்த டிரம் இரண்டு சுற்று சுற்றியிருந்தால் அந்த முளைகள் அவனை என்ன செய்திருக்கும் என்று நான் எழுத மாட்டேன்.

எப்படித்தான் இழுத்து வெளியே போட்டானோ, அன்புவுக்கே தெரியாது. சாலைக்கு ஓடி, போனுக்கு டவர் தேடினான். 108 வந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

காசிநாதன் விடியற்காலையில்தான் வந்து சேர முடிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்புவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தோல் லாட் முழுக்கத் திட்டு விழுந்து போயிருந்தது. "போனா போவுது. அவன் பொழச்சிக்கினானே," என்றார். அன்பு தான் பார்த்ததைச் சொன்னான். லுங்கி, நரைத்த தலை, நீல விரல்.  காசிநாதன் போனை எடுத்தார். ஜெனரேட்டரை அவருக்கு விற்ற கவுஸ் பாஷாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், அந்த மெஷினு... அத ஓட்னவரு யாரு?"

எதிர்முனையில் இருமல். "ஏன் கேக்கற? தனகோடின்னு ஒருத்தன். நல்ல மனுஷன்."

"இன்னா ஆச்சு அவருக்கு?"

"அத ஏன் இப்ப..." மறுபடி இருமல். "ஒரு நாளு கரண்ட் போச்சு. இவன் டிரம்முக்குள்ள பாக்காம மெஷின ஓட்டி வுட்டான். உள்ள தோலு அள்ளிக்கினு இருந்தது அவன் புள்ள. ஒரே புள்ள. க்ரோம் தண்ணியில இருந்து இவன்தான் வாரி எடுத்தான். அப்புறம் எந்நேரமும் அந்த டேங்குகிட்டயே குந்திக்கினு இருப்பான். டேப்ப மூடிட்டுதான் உள்ள எறங்கணும்னு எல்லாருக்கும் சொன்னது அவன்தான். மெஷினோட சேத்து உனக்கும் அததான் சொல்லி வுட்டேன்."

"இப்ப எங்க கீறாரு?"

"செத்து ரெண்டு வருஷம் ஆவுது, காசி."

அன்புவுக்குப் பயம் வரவில்லை. துக்கம் வந்தது.  அவனும் அன்றைக்கு உள்ளே பார்க்காமல்தானே ஹேண்டிலைச் சுற்றினான்?

மூன்றாம் நாள் வாஹித் கண் விழித்துப் பேசினான். தலையில் பெரிய கட்டு. அன்பு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். வாஹித் நடந்ததைச் சொன்னான். கரண்ட் போனதும் சேஞ்ச் ஓவரைத் தள்ளிவிட்டு ஜெனரேட்டரை ஓட்டத்தான் போயிருக்கிறான். இரண்டாவது டிரம்மில் ஒரு முளை ஆடிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்து, சுற்றுவதற்குள் அடித்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறான். வழுக்கியதுதான் கடைசி நினைவு. அப்புறம் எதுவும் தெரியாது.

"வுடு," என்றான் அன்பு. "நல்லவேள, நீ டேப்ப மூடிட்டு எறங்குன. அது தொறந்து இருந்திருந்தா மொத சுத்துலயே புடிச்சிருக்கும். நான் ஓட்டி வுட்டுட்டுப் போயே போயிருப்பேன்."

வாஹித் அவனையே பார்த்தான்.  கண்ணில் தண்ணீர் நிறைந்தது.

"இல்லண்ணா," என்றான். "அவசரத்துல மறந்துட்டேன்."

"எத மறந்த?" என்றான் அன்பு.

"நான் டேப்ப மூடவே இல்ல."