பாம்பன் விடியலும் என் பெட்டிக் கேமராவும்

பாம்பனில் பெண்கள் ஆரம்பப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தபோது எனக்கு வயது இருபத்து மூன்று. கொழும்பில் கடை வேலையில் இருந்த அண்ணன், மறு வருடம் ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டிக் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தார். கறுப்பாக, பிஸ்கட் டப்பா அளவில் இருக்கும். மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். ஒரு பிலிம் சுருளுக்கு எட்டே படம். என் கையில் கேமரா வந்தது தெரிந்ததும் கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்டு வந்தார்கள். எனக்கோ, தினமும் சன்னலைத் திறந்ததும் தெரிகிற வடக்குக் கரையின் விடியலைத்தான் எடுக்க வேண்டும்.

முதல் சுருளை ஒரே காலையில் தீர்த்துவிட்டேன். இருட்டு முழுதாகப் பிரியுமுன் கரைக்கு ஓடி, வானம் சிவந்த பக்கமெல்லாம் திருப்பி எட்டுத் தடவை தட்டினேன். சனிக்கிழமை ரயிலேறி ராமநாதபுரம் ஸ்டுடியோவில் கொடுத்தேன். அடுத்த வாரம் போனபோது, ஸ்டுடியோக்காரர் கழுவிய சுருளை விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். வெறும் கண்ணாடிபோல இருந்தது.

“எட்டுல ஒண்ணும் தேறல டீச்சரம்மா. வெளிச்சமே பத்தல.”

சரி, வெளிச்சம் வரட்டும் என்று இரண்டாவது சுருளுக்கு வெயில் ஏறும்வரை காத்திருந்தேன். அதில் சூரியன் இருந்த இடத்தில் சுண்ணாம்பு அப்பியதுபோல ஒரு வெள்ளை. கடலோ ஒரு பக்கம் வழிந்து கொட்டிவிடும்போலச் சாய்ந்து கிடந்தது. ஸ்டுடியோக்காரர் சிரித்துவிட்டார்.

“இது ஆள நிறுத்தி எடுக்கிற பெட்டிம்மா. கடலு, வானமெல்லாம் பெரிய கேமராக்காரங்க வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள வரிசையா நிக்க வச்சு எடுங்க.”

படம் எடுத்துக்கொள்ள வந்திருந்த ஒரு குடும்பமே அதைக் கேட்டுச் சிரித்தது. திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும், கேமராவோடு வந்த இங்கிலீஷ் தாளை அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். பக்கத்தில் உள்ள தகட்டை வெளியே இழுத்துவிட்டால், பொத்தானை அழுத்தியிருக்கும்வரை கேமராவின் கண் திறந்தே இருக்குமாம். ஆனால் அதுவரை கேமரா அசையவே கூடாது. இத்தனை நாள் அந்தத் தகட்டை நான் தொட்டதுகூட இல்லை.

மறுநாள் விடியுமுன் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். அடுத்த வீட்டு அக்கா கருவாடு காயப்போட ஓலை விரித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். புருஷன் வள்ளம் வைத்து மீன் பிடிப்பவர்.

“என்ன டீச்சர், கடலுக்குப் பாடம் நடத்தவா முக்காலி?” என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். முக்காலியின் கால்கள் ஈர மணலில் இறங்குவதைப் பார்த்து, ஒரு பனம்பலகையை இழுத்துவந்து அடியில் போட்டாள். கேமரா சாய்கிறதா என்று பார்க்க அதன்மேல் ஒரு சீசாத் தண்ணீரைப் படுக்க வைத்தேன். உள்ளே குமிழி நடுவில் நின்றதும் சீசாவை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

அந்தச் சுருளில் வானம் வந்தது. கடல் நேராக நின்றது. ஆனால் முன்னால் மிதந்த வள்ளங்கள் எல்லாம் புகையில் செய்தவைபோலக் கலங்கியிருந்தன. படத்தை அக்காவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மெதக்குற வள்ளம் ஆடத்தான செய்யும்? வத்தத்துல எடுங்க டீச்சர். தண்ணி உள்வாங்கிப் போச்சுன்னா வள்ளமெல்லாம் தரை தட்டி நிக்கும். நீங்க சொன்னாலும் அசையாது.”

“காலையில எப்ப வத்தும்?”

“நான் வந்து கதவத் தட்டுறேன். அதுவரைக்கும் அந்தப் பெட்டியத் தொடாதீங்க.”

பத்து நாள் தொடவில்லை. பதினோராம் நாள் கதவு தட்டப்பட்டது. முந்தின நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. காற்றே இல்லை. கடல் வெகுதூரம் பின்வாங்கியிருக்க, வள்ளங்கள் சேற்றுமணலில் சாய்ந்து நின்றன. அவற்றுக்கிடையே குட்டைகளாகத் தேங்கிய நீரில் வானம் இறங்கிக் கிடந்தது. அக்கா வீட்டு வள்ளத்தை முன்னால் வைத்து முக்காலியை நிறுத்தினேன். சூரியன் வரவில்லை, வரப்போகிற இடம் மட்டும் வெளுத்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். ஒன்று எண்ணி ஒரு படம், இரண்டு எண்ணி ஒரு படம், நான்கு எண்ணி ஒரு படம். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தேன். அக்கா எனக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், தன் மூச்சு பட்டால்கூடக் கெட்டுவிடும் என்பதுபோல.

ஸ்டுடியோக்காரர் இந்த முறை சுருளைத் தூக்கிப் பிடித்தவர் இறக்கவே இல்லை. பிறகு உள்ளே போய், தாளில் படமாகப் போட்டே கொண்டுவந்தார். வள்ளத்தின் பலகை மூட்டுகள், தொங்கும் கயிறு, குட்டையில் தலைகீழாக நின்ற பாய்மரம், மேலே மெல்லப் பிரியும் இருட்டு எல்லாம் அதில் இருந்தன.

“எந்தக் கேமராம்மா இது?”

“நீங்க ஆள நிறுத்தி எடுக்கச் சொன்ன அதே பெட்டிதான்.”

“தப்பாச் சொல்லிட்டேன்” என்றார். “இதப் பெருசு பண்ணி முகப்புல வைக்கலாமா?”

“வைங்க. அடியில என் பேரு இருக்கணும்.”

அடுத்த சனிக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். யாரோ ஒருவர், “இது சீமைப் படமா இருக்கும்” என்றார். அவ்வளவுதான், அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

“சீமையா? எங்க வள்ளம்யா இது! முன்பக்கம் அணியத்துல பலகை மாத்துன ஒட்டுத் தெரியுது பாருங்க. எடுத்தது இந்தா நிக்கிற எங்க டீச்சரு!”

ஏழெட்டுப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வெட்கப்பட்டுத் தலை குனிய வேண்டிய வயதுதான். நான் குனியவில்லை. உள்ளே போய் அடுத்த சுருளைக் கேட்டேன்.